குருவை மிஞ்சிய நிரல்

படிக்கும் முன்

உங்களுக்குச் சதுரங்கம் ஆடத் தெரியுமா? யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்? உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரையே நீங்கள் என்றாவது வென்றிருக்கிறீர்களா? பக்கத்தில் இருக்கும் நண்பரோடு இதைப் பற்றித் தமிழில் பேசுங்கள். பிறகு பாடத்தைப் படியுங்கள்.

ஜப்பானின் சதுரங்கம்

சதுரங்கம் இந்தியாவில் தோன்றிய விளையாட்டு. 'சதுர்' என்றால் நான்கு. 'அங்கம்' என்றால் உறுப்பு. யானை, குதிரை, தேர், காலாள் என்று அந்தக் காலத்துப் படைக்கு நான்கு உறுப்புகள் இருந்தன. அதனால்தான் இந்தப் பெயர் வந்தது.

இந்த விளையாட்டு மேற்கே பயணம் செய்து 'செஸ்' ஆனது. கிழக்கே பயணம் செய்து, ஜப்பானில் 'ஷோகி' ஆனது என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியென்றால் செஸ்ஸும் ஷோகியும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாதிரி, இல்லையா?

ஷோகிப் பலகையில் 9 வரிசை, வரிசைக்கு 9 கட்டம். மொத்தம் 81 கட்டங்கள். ஒவ்வொருவருக்கும் 20 காய்கள். காய்கள் எல்லாம் மரத்தால் செய்த சிறிய ஐங்கோணத் துண்டுகள். அவற்றின் மேல் ஜப்பானிய எழுத்தில் பெயர் எழுதியிருக்கும். ராஜா, பொன் தளபதி, வெள்ளித் தளபதி, பறக்கும் தேர், குதிரை, காலாள் என்று அழகழகான பெயர்கள்!

செஸ்ஸில் ஒருவருக்கு வெள்ளைக் காய், இன்னொருவருக்குக் கறுப்புக் காய். ஷோகியில் இரண்டு பேருடைய காய்களும் ஒரே நிறம்தான். 'அப்போ எது யாருடைய காய்னு எப்படித் தெரியும்?' என்று கேட்கிறீர்களா? காயின் கூர்மையான முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். எதிரியைப் பார்த்தால் அது உங்கள் காய். உங்களைப் பார்த்தால் அது எதிரியின் காய்.

ஒரே நிறத்தில் செய்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. செஸ்ஸில் வெட்டுப்பட்ட காய் பெட்டிக்குள் போய்விடும். ஷோகியில் அப்படி இல்லை. எதிரியின் காயை வெட்டினால், அது உங்கள் கைக்கு வரும். பிறகு உங்கள் முறை வரும்போது, அதை உங்கள் படைவீரனாகப் பலகையில் இறக்கலாம். நேற்றைய எதிரி இன்றைய தோழன்!

எண்ணிப் பார்ப்போம்

இந்த ஒரு விதிதான் ஷோகியை மிகவும் சிக்கலாக்குகிறது. செஸ்ஸில் ஆட்டம் வளர வளரக் காய்கள் குறையும், பலகை காலியாகும். ஷோகியில் 40 காய்களும் கடைசிவரை ஆட்டத்திலேயே இருக்கும்.

கொஞ்சம் கணக்குப் போடலாமா? செஸ்ஸில் ஒருவர் முறை வரும்போது, சராசரியாக 35 வழிகளில் காய் நகர்த்தலாம். ஷோகியில் அது சுமார் 80 வழிகள். இப்போது நான்கு நகர்த்தல்களை முன்கூட்டியே யோசிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

செஸ்: 35 × 35 × 35 × 35 = சுமார் 15 லட்சம்.
ஷோகி: 80 × 80 × 80 × 80 = சுமார் 4 கோடி.

(ஒரு லட்சம் என்பது 100,000. ஒரு கோடி என்பது 10,000,000.)

அம்மாடி! நான்கு நகர்த்தலுக்கே இவ்வளவு என்றால், முழு ஆட்டத்துக்கு எவ்வளவு? 1 என்று எழுதி, அதற்குப் பின்னால் சுமார் 220 சுழியங்களைப் போட வேண்டும். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பாருங்கள். கை வலிக்கும்!

1997ஆம் ஆண்டு 'டீப் புளூ' என்ற கணினி, செஸ் உலக வெற்றியாளர் காஸ்பரோவை வென்றது. அப்போதும் ஷோகியில் கணினிகள் மனிதர்களுக்கு வெகு தூரம் பின்னால்தான் இருந்தன.

வேதியியல் படித்தவர் எழுதிய நிரல்

கணினிக்கு நாம் தரும் கட்டளைகளின் தொகுப்புக்கு 'நிரல்' என்று பெயர். பேசும்போது 'புரோகிராம்' என்று சொல்வோம். நிரல் எழுதுபவர் நிரலாளர்.

கணினி ஷோகி ஆட வேண்டுமானால், அதற்கு இரண்டு வேலை தெரிய வேண்டும். முதல் வேலை, முன்னோக்கிப் பார்ப்பது. 'நான் இங்கே வைத்தால், அவர் அங்கே வைப்பார், பிறகு நான் இப்படி வைப்பேன்' என்று தேடிக்கொண்டே போக வேண்டும். இரண்டாவது வேலை, மதிப்பெண் போடுவது. தேடிப் போய்ச் சேர்ந்த நிலை நமக்கு நல்லதா கெட்டதா என்று எண்ணால் சொல்ல வேண்டும்.

முதல் வேலை கணினிக்குச் சுலபம். இரண்டாவதுதான் கடினம். அந்தக் காலத்து நிரலாளர்கள் மதிப்பெண்களைப் பெரும்பாலும் தாங்களே யோசித்து எழுதினார்கள். 'காலாளுக்கு இத்தனை, தேருக்கு இத்தனை, ராஜாவுக்குப் பக்கத்தில் பொன் தளபதி நின்றால் இன்னும் இத்தனை' என்று கையால் எழுதிக்கொண்டே போக வேண்டும். அதற்கு ஷோகி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது ஒருவர் வருகிறார். அவர் பெயர் ஹோகி குனிஹிதோ. (ஜப்பானில் குடும்பப் பெயரை முதலில் சொல்வார்கள். நம்மில் பலர் அப்பா பெயரின் தலைப்பெழுத்தை முன்னால் எழுதுகிறோம் அல்லவா? கிட்டத்தட்ட அது போல.) அவர் வேதியியல் ஆராய்ச்சியாளர். கனடாவில் டொராண்டோ நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஷோகியில் அவர் பெரிய வீரர் இல்லை. ஓய்வு நேரத்தில் ஒரு ஷோகி நிரலை எழுதத் தொடங்கினார்.

ஷோகி நன்றாகத் தெரியாதவர் எப்படி மதிப்பெண் எழுத முடியும்? அவர் எழுதவில்லை. கணினியையே கற்றுக்கொள்ள வைத்தார்!

கணினி எப்படிக் கற்றுக்கொண்டது?

ஜப்பானில் பெரிய வீரர்கள் ஆடிய ஆட்டங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி வைப்பது நீண்ட நாள் வழக்கம். அப்படிப் பல்லாயிரம் ஆட்டங்களின் குறிப்புகள் இருந்தன. ஹோகி அவற்றை நிரலுக்குக் கொடுத்தார்.

நிரல் ஒரு நிலையை எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் பெரிய வீரர் எந்தக் காயை நகர்த்தினார் என்று பார்க்கும். பிறகு தன்னையே கேட்டுக்கொள்ளும்: 'என் மதிப்பெண்படி எது சிறந்த நகர்த்தல்?' இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. வேறாக இருந்தால், வீரர் செய்த நகர்த்தலுக்கு அதிக மதிப்பெண் வரும்படி, தன் எண்களைக் கொஞ்சூண்டு மாற்றிக்கொள்ளும். பிறகு அடுத்த நிலை. மறுபடியும் கொஞ்சூண்டு மாற்றம். இப்படியே ஓய்வில்லாமல் நடக்கும். சிறு துளி பெருவெள்ளம்!

நீங்கள் எழுதப் பழகியதை நினைத்துப் பாருங்கள். 'அ' எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குக் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. டீச்சர் எழுதியதைப் பார்த்தீர்கள். நீங்கள் எழுதினீர்கள். வித்தியாசத்தைத் திருத்தினீர்கள். மறுபடி எழுதினீர்கள். நிரலும் அதைத்தான் செய்தது. இப்படிக் கற்பதற்கு 'இயந்திரக் கற்றல்' என்று பெயர்.

ஹோகி தன் நிரலுக்கு 'பொனான்சா' என்று பெயர் வைத்தார். 2005ஆம் ஆண்டு அதை இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். 2006ஆம் ஆண்டு மே மாதம் அது முதன்முறையாக உலகக் கணினி ஷோகிப் போட்டியில் கலந்துகொண்டது. வருடக்கணக்காக உழைத்த நிரலாளர்கள் பலர் அங்கே வந்திருந்தார்கள். வென்றது யார் தெரியுமா? புதிதாக வந்த பொனான்சாதான்!

2007ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று பொனான்சா, வத்தனாபே அகிரா என்ற பெரிய வீரரோடு ஆடியது. அப்போது அவர் 'ரியூஓ' என்ற உயர்ந்த பட்டத்தை வைத்திருந்தார். பொனான்சா நன்றாகப் போராடியது. ஆனால் வத்தனாபே வென்றார். 'இன்னும் மனிதர்தான் மேல்' என்று பலர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

திறந்த கதவு

அடுத்து ஹோகி செய்த காரியம் முக்கியமானது. 2009ஆம் ஆண்டு, பொனான்சா நிரலை எப்படி எழுதினார் என்பதை அப்படியே எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார். போட்டியில் வென்ற ரகசியத்தை யாராவது இப்படிக் கொடுப்பார்களா? அவர் கொடுத்தார்.

அதன் பிறகு மற்ற நிரலாளர்கள் அவருடைய முறையைக் கற்றார்கள், மாற்றினார்கள், மேம்படுத்தினார்கள். ஷோகி நிரல்கள் எல்லாமே வேகமாக வளர்ந்தன. 2010ஆம் ஆண்டு நான்கு நிரல்கள் ஓட்டுப் போட்டு நகர்த்தலைத் தேர்ந்தெடுக்கும் 'அகாரா' என்ற கூட்டணி, ஷிமிசு இச்சியோ என்ற புகழ்பெற்ற வீராங்கனையை வென்றது. அந்த நான்கில் பொனான்சாவும் ஒன்று. 2012ஆம் ஆண்டு, ஓய்வு பெற்ற பெரிய வீரர் யோனெனாகா குனியோ ஒரு நிரலிடம் தோற்றார். ஹோகியும் வேதியியலை விட்டு, டோக்கியோவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி ஆராய்ச்சியாளர் ஆனார்.

பெயரில் ஒரு வேடிக்கை

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் யமமோட்டோ இஸ்ஸெய் என்ற மாணவர் படித்தார். ஷோகி என்றால் அவருக்கு உயிர். பல்கலைக்கழக ஷோகிக் குழுவில் நன்றாக ஆடுவார். படிப்பில் ஒரு வருடம் பின்தங்கியபோது, 'ஏதாவது உருப்படியாகக் கற்றுக்கொள்ளலாம்' என்று நிரல் எழுதத் தொடங்கினார்.

அவர் எழுதிய முதல் நிரல் மிகவும் பலவீனமாக இருந்தது. தன் பக்கம் பல காய்களை எடுத்து வைத்துவிட்டு ஆடினாலும், யமமோட்டோவே வென்றார்! பிறகு அவர் பொனான்சாவின் கற்கும் முறையைப் படித்தார். அதன் மேல் இருந்த மரியாதையால், தன் நிரலுக்கும் கிட்டத்தட்ட அதே பெயரை வைத்தார்.

தமிழில் எழுதினால் அதுவும் 'பொனான்சா'தான்! ஹோகியின் நிரலை 'பஸ்' என்ற சொல்லின் முதல் ஒலியோடு சொல்ல வேண்டும். யமமோட்டோவின் நிரலை 'பழம்' என்ற சொல்லின் முதல் ஒலியோடு சொல்ல வேண்டும். இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தமிழில் ஒரே எழுத்து இரண்டு ஒலிகளைச் சுமக்கிறது பார்த்தீர்களா?

யமமோட்டோ தன் நிரலில் ஒரு சின்ன மாற்றம் செய்வார். பிறகு பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒன்றோடொன்று நிறைய ஆட்டங்கள் ஆட விடுவார். புதியது அதிகமாக வென்றால் அந்த மாற்றத்தை வைத்துக்கொள்வார். தோற்றால் தூக்கிப் போட்டுவிடுவார். பெரும்பாலான மாற்றங்கள் குப்பைக்குத்தான் போயின! ஆனால் தேறிய சில மாற்றங்கள் சேர்ந்து நிரலை வலுவாக்கின. நாளடைவில் யமமோட்டோவால் தன் நிரலை வெல்லவே முடியவில்லை. சில மாற்றங்கள் ஏன் பலன் தருகின்றன என்று அவராலேயே விளக்க முடியவில்லை.

2013ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று யமமோட்டோவின் நிரல், சாத்தோ ஷினிச்சி என்ற தொழில்முறை வீரரை வென்றது. போட்டிகளில் ஆடிக்கொண்டிருக்கும் தொழில்முறை வீரர் ஒருவர், எல்லோரும் பார்க்க ஒரு நிரலிடம் சமமான ஆட்டத்தில் தோற்றது அதுவே முதல் முறை.

கணினிக்குக் கண் தெரியாத இடம்

கணினி தப்பே செய்யாது என்று நினைக்காதீர்கள். 2015ஆம் ஆண்டு 'அவேக்' என்ற நிரல், அகுட்சு சிகாரா என்ற வீரரோடு ஆடியது. அந்த நிரலில் ஒரு குறை இருந்தது. அகுட்சு வேண்டுமென்றே ஓர் இடத்தைத் திறந்து வைத்தார். தூண்டிலில் புழு மாட்டுவது போல! கையில் இருந்த பெரிய காயை அங்கே இறக்கினால் லாபம் என்று நிரல் கணக்குப் போட்டது, இறக்கியது. ஆனால் பல நகர்த்தல்களுக்குப் பிறகு அந்தக் காய் தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். நிரலின் பார்வை அவ்வளவு தூரம் எட்டவில்லை.

நாம் கடற்கரையில் நின்றால் அடிவானம் வரைதான் தெரியும். அதற்கு அப்பால் புயல் வந்தாலும் தெரியாது. முன்னோக்கித் தேடும் நிரலுக்கும் அப்படி ஓர் அடிவானம் உண்டு.

அவேக்கை எழுதியவர், ஒரு காலத்தில் தொழில்முறை ஷோகி வீரர் ஆவதற்காகப் பயிற்சி பெற்றவர். அந்தக் காய் மாட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். போட்டி விதிப்படி நிரலை முன்பே ஒப்படைத்துவிட்டதால், அவரால் அதைத் திருத்த முடியவில்லை. வெறும் 21 நகர்த்தல்களிலேயே அவர் நிரலின் சார்பாகத் தோல்வியை ஒப்புக்கொண்டார். கணினி தோற்றது. வருத்தப்பட்டது யார்? கணினியா, அதை எழுதியவரா? யோசித்துப் பாருங்கள்.

2017: கடைசிப் போட்டி

ஷோகியில் 'மெய்ஜின்' என்பது மிகப் பழமையான, மதிப்பு மிக்க பட்டம். 2017ஆம் ஆண்டு சாத்தோ அமாஹிகோ மெய்ஜினாக இருந்தார். அவரும் யமமோட்டோவின் நிரலும் இரண்டு ஆட்டங்கள் ஆடினார்கள். முதல் ஆட்டம் ஏப்ரல் 1 அன்று நிக்கோ நகரின் தோஷோகு கோவிலில் நடந்தது. இரண்டாவது ஆட்டம் மே 20 அன்று ஹிமேஜி கோட்டையில் நடந்தது. நிரலுக்குப் பதிலாக ஒரு ரோபோக் கை காய்களை நகர்த்தியது.

முதல் ஆட்டத்தில் நிரல் முதல் முறையிலேயே ஒரு பொன் தளபதியை நகர்த்தியது. பெரிய வீரர்கள் அப்படித் தொடங்குவதே இல்லை. பார்த்தவர்கள் திகைத்தார்கள். ஆனால் நிரல்தான் வென்றது. இரண்டாவது ஆட்டத்திலும் அதுவே வென்றது. மனிதர்களிடம் கற்ற நிரல், மனிதர்கள் நினைக்காத வழிகளில் ஆடத் தொடங்கிவிட்டது. குருவை மிஞ்சிய சீடன்!

அதே மே மாதம், கணினி ஷோகிப் போட்டியில் 'எல்மோ' என்ற புதிய நிரல் யமமோட்டோவின் நிரலைத் தோற்கடித்தது. அந்த வருட முடிவில் 'ஆல்ஃபாசீரோ' என்ற நிரல் எல்மோவை வென்றது. இந்த ஆல்ஃபாசீரோ மனிதர்களின் ஆட்டம் எதையும் பார்க்கவில்லை. விதிகளை மட்டும் தெரிந்துகொண்டு, தன்னோடு தானே ஆடிக் கற்றது. மிஞ்சியவனையும் மிஞ்ச ஒருவன் வருவான்!

பிறகு என்ன ஆனது?

'இனி யார் ஷோகி ஆடுவார்கள்?' என்று சிலர் கவலைப்பட்டார்கள். நடந்தது வேறு.

2016ஆம் ஆண்டு ஃபுஜி சோத்தா என்ற சிறுவன் தொழில்முறை வீரர் ஆனான். வயது 14. அடுத்த ஆண்டு, ஒரு தோல்விகூட இல்லாமல் தொடர்ந்து 29 ஆட்டங்களில் வென்று ஜப்பானையே ஆச்சரியப்படுத்தினான். 2023ஆம் ஆண்டு அக்டோபரில், ஷோகியின் எட்டுப் பெரிய பட்டங்களும் ஃபுஜியிடம் இருந்தன. அப்போது அவருக்கு வயது 21. அவரும் கணினியை வைத்துப் பயிற்சி செய்பவர்தான். நிரல் தரும் மதிப்பெண்ணைப் பார்ப்பார். 'ஏன் இது நல்ல நகர்த்தல்?' என்ற கேள்விக்கு விடையை அவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். நிரல் எண்ணைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

வீரர்களிடம் நிரல் கற்றது. இப்போது நிரலிடம் வீரர்கள் கற்கிறார்கள். ஷோகியில் இன்று யார் குரு, யார் சீடன்? நீங்களே சொல்லுங்கள்.

பேச்சுத் தமிழில் வாசிப்போம்

கவின்: அக்கா, கம்ப்யூட்டரே ஜெயிச்சிடுச்சு. அப்புறம் மனுஷங்க எதுக்கு ஷோகி ஆடணும்?

மலர்: நேத்து நீ ஓட்டப் பந்தயத்துல ஓடினியே, பக்கத்து ரோட்டுல கார் உன்னைவிட வேகமாத்தானே போச்சு? நீ ஓடாம நின்னுட்டியா?

கவின்: அது வேற, அக்கா. இது மூளையால ஆடுறது.

மலர்: சரி, நீயும் தாத்தாவும் ஞாயிற்றுக்கிழமை செஸ் ஆடுறீங்க. தாத்தா தப்பா வெச்சா நீ என்ன பண்ணுவ?

கவின்: சிரிப்பேன்! அப்புறம், "தாத்தா, இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க"ன்னு சொல்லுவேன்.

மலர்: கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லுமா?

கவின்: சொல்லாது. ஆனா நான் எங்க தப்பு பண்ணினேன்னு காட்டும்.

மலர்: அப்போ ரெண்டு பேர்கிட்டயும் கத்துக்கோடா!

புதிய சொற்கள்

நிரல் – கணினிக்குத் தரும் கட்டளைகளின் தொகுப்பு
கட்டம் – பலகையில் உள்ள சதுரம்
நகர்த்தல் – காயை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுதல்
காலாள் – நடந்து சென்று போரிடும் வீரன்
வேதியியல் – பொருள்கள் எவற்றால் ஆனவை, எப்படி மாறுகின்றன என்று ஆராயும் அறிவியல்
அடிவானம் – வானமும் நிலமும் (அல்லது கடலும்) சேர்வது போலத் தெரியும் இடம்
மிஞ்சு – ஒருவரைவிட மேலே போ

பயிற்சி

1. ஷோகிக் காய்கள் ஏன் ஒரே நிறத்தில் இருக்கின்றன?
2. ஹோகி ஷோகியில் பெரிய வீரர் இல்லை. அவருடைய நிரல் எப்படி நன்றாக ஆடியது? உங்கள் சொற்களில் மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள்.
3. கவின், மலர் உரையாடலில் உள்ள இந்தப் பேச்சுச் சொற்களை எழுத்துத் தமிழில் எழுதுங்கள்: ஜெயிச்சிடுச்சு, மனுஷங்க, நேத்து, யோசிச்சு, பண்ணுவ, ரெண்டு.
4. ஹோகி தன் நிரலை எல்லோருக்கும் கொடுத்தது சரியா? நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

சிந்திப்போம்

இன்று தமிழை வேறு மொழிகளுக்கு மாற்றித் தரும் செயலிகள் இருக்கின்றன. ஒரு நொடியில் மாற்றிவிடுகின்றன. அப்படியிருந்தும் நீங்கள் வாரம்தோறும் தமிழ் வகுப்புக்கு வருகிறீர்கள். ஏன்? வீட்டில் தாத்தா, பாட்டி, அம்மா, அப்பா யாரிடமாவது இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அவர்கள் சொன்னதையும் நீங்கள் நினைப்பதையும் அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.